சேரமான் தோழரும் எமது மலைவழியும்



ஆடித் திங்கள் சுவாதி நாள், வன்றொண்டராகிய நம்பியாரூரரும் அவர்தம் தோழராகிய சேரமான் பெருமாள் நாயனாரும் திருக்கயிலைக்குப் புறப்பட்ட திருநாள். தோழர் இருவரும் ஒன்றாகச் சென்றமையின் இருவர்க்கும் குருபூசையும் ஒருநாளில் அமைந்தது. மேற்குமலையினின்று இறங்கும் ஆடிக்காற்று நம் போடிநாயக்கனூர்ப் பந்தற் கீற்றுகளைப் பிய்த்துக்கொண்டு போகும் காலம் இது. காற்றோடு போட்டியிட்டுப் பேசிப் பேசியே யாம் எம் குரலைக் கெடுத்துக்கொண்டோம் என்று எம் இல்லத்தார் சொல்வதுண்டு. இந்நாளில் இவ்விருவர் நட்பைப் பற்றியே ஆண்டுதோறும் பேசுகிறோம். அதற்கு ஒரு கடன் காரணம். அக்கடன் இன்னதென்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நம் ஊர்க்கு ஒரு குறை உண்டு. தேவாரம் பெற்ற தலங்களைக் கணக்கிடும் பெரியோர் பாண்டி நாட்டில் 14 என்பர். கொங்கு நாட்டில் 7 என்பர். மலைநாட்டில் ஒன்றே ஒன்று, அது திருவஞ்சைக்களம் என்பர். மதுரை 14இல் ஒன்று. நமக்கு மேற்கே மலைக்கு அப்பால் கடற்கரைப் பக்கம் திருவஞ்சைக்களம். இவ்விரண்டிற்கும் நடுவில் நாம் இருக்கிறோம். நமக்கென்று ஒரு பதிகம் இல்லை. பரமசிவன் மலையில் ஏறி நின்று ஊரைப் பார்க்கும்போதெல்லாம் இளமையில் எமக்கு இந்த ஏக்கம் எழும். ஏக்கம் நல்லதுதான். ஆனால் அது பொய்யையும் சொல்ல வைக்கும்.

முதலில் வரலாற்றைக் காண்போம். கொடுங்கோளூரில் சேரர் குலத்தில் தோன்றிய பெருமாக்கோதையார், அரசுரிமையை நாடாமல் திருவஞ்சைக்களத்துத் திருப்பணியிலேயே இருந்தவர். முன்னிருந்த அரசன் தவம் மேற்கொண்டு நீங்கியபின், அமைச்சர் வேண்ட, இறைவன் திருவுளம் அறிந்தே முடி சூடினார். எல்லா உயிர்களும் கழறுவனவற்றை அறியும் ஆற்றலை இறைவன் அவர்க்கு அளித்தான். அதனால் கழறிற்றறிவார் என்று பெயர். முடி சூடிய அன்றே, யானைமேல் உலா வரும்போது, உவர்மண் பொதியைச் சுமந்து வந்த வண்ணான் ஒருவன் எதிர்ப்பட்டான். மழையில் கரைந்த உவர் அவன் உடலெங்கும் வெளுத்திருந்தது. அதனைத் திருநீற்றுக் கோலமாகவே கண்டு, யானையினின்று இறங்கிக் கும்பிட்டார் அரசர். அவன் நடுங்கித் தான் இன்னான் என்று சொன்னபோது, தாமும் அவ்வாறே ஓர் அடிமை என்றுரைத்து அவனை வருந்தாமல் அனுப்பினார். அமைச்சர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இவர் நாள்தோறும் செய்யும் பூசையின் முடிவில் கூத்தப்பெருமானின் சிலம்போசை கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை. தம்மால் நேர்ந்த பிழை என்று கருதி உடைவாளை உருவித் தம் மார்பில் நாட்டப் போனார். அப்போது ஓசை மிகுந்து கேட்டது. தில்லையில் வன்றொண்டர் பாடிய பதிகத்தில் உள்ளம் வைத்திருந்தமையால் வரத் தாழ்த்தோம் என்று இறைவன் உணர்த்தியருளினான். கேட்ட மாத்திரத்தில் சேரர்க்குப் பொறாமை தோன்றவில்லை; அந்தப் பாட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே தோன்றியது. அரசைவிட்டுப் புறப்பட்டுத் தில்லை வணங்கிப் பொன்வண்ணத்தந்தாதி பாடித் திருவாரூர் வந்தார். வணங்கிய இருவரும் எழுந்து தழுவிக்கொண்டனர். தம்பிரான் தோழர் அன்று முதல் சேரமான் தோழரும் ஆனார்.

பரவையார் மாளிகையில் நடந்த விருந்தை யாம் இன்றும் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நாட்டை ஆள்பவர் விருந்தாக வந்திருக்கிறார். நம்பியாரூரர் அவரைத் தம்முடன் அமர்ந்து உண்ண அழைக்கிறார். அவர் அடியாரோடு சமமாக அமர அஞ்சிப் பின்வாங்குகிறார். நம்பி கையைப் பற்றி வற்புறுத்துகிறார். பரவையார் இருவர்க்கும் பரிமாறுகிறார். ஒரு வீட்டில் நண்பர் வந்தால் நடப்பது எதுவோ அதுவே அங்கும் நடந்தது. அநபாய சோழன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், திருத்தொண்டர் புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் இவற்றையெல்லாம் விடாமல் பாடினார். பக்தி நூலுக்கு விருந்தும் பரிமாறலும் எதற்கு என்று அவர் கருதவில்லை.

பின்னர்த் தோழர் இருவரும் திருமறைக்காடு முதலிய தலங்களைக் கண்டு மதுரை வந்தனர். பாண்டியன் எதிர்கொண்டான். பாண்டியன் மகளை மணந்த சோழனும் அப்போது மதுரையிலேயே இருந்தான். ஆக, சேரர், சோழர், பாண்டியர் மூவரும் நம்பியாரூரரோடு ஓரிடத்தில் கூடினர். போர்க்களத்தில் அல்லாமல், திருக்கோயில் வழிபாட்டில் கூடினர். திருப்பூவணம் சென்று மீண்டு, திருப்பரங்குன்றம் சென்றனர். அங்கே பாடிய பதிகம் ஏழாந்திருமுறையில் இரண்டாவதாக உள்ளது. பாம்பணிந்தும் பலி ஏற்றும் திரிகின்ற உமக்கு ஆட்படவும் அச்சமாக இருக்கிறதே என்ற கருத்தைப் பாட்டுக்குப் பாட்டு முறையிடும் பதிகம் அது. வாள் வலியுடைய மூவர் அருகே நிற்கும்போது, தமக்கு அச்சம் என்று கூசாமல் பாடினாரே, அந்த நட்பின் நெருக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

இனி, எமது கடனைச் சொல்வோம். 1994ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று இதே ஊரில் பேசினோம். வயது முப்பதுகளில் இருந்தது. இந்த இடம் வரையில் ஒழுங்காகவே சொன்னோம். பிறகு, மதுரையில் விடைபெற்ற தோழர் இருவரும் மேற்கே திரும்பி, வையைக் கரையோடு வந்து, இதோ தெரிகிற இம்மலையில் ஏறி, ஏலக்காட்டு மணத்தினூடே கொடுங்கோளூர் அடைந்தனர் என்று சொல்லிவிட்டோம். எந்த நூலிலும் யாம் அதனைப் படித்ததில்லை. எம் ஆசிரியர் சொல்லியதும் இல்லை. நாவில் வந்தது; பந்தல் முழுதும் மகிழ்ந்து ஆரவாரித்தது; அந்த ஆரவாரத்தில் இன்னும் இரண்டு வளைவு மேலே ஏற்றிவிட்டோம். இறங்கி வந்தபோது ஏலக்காய் வணிகர் ஒருவர் எம் கையைப் பற்றிக்கொண்டு கண்ணீர் விட்டார். முந்தல் அருகே மலையடிவாரத்தில் நம்பிகள் திருவடி பட்ட இடம் என்று ஒரு கல் நாட்டுவதற்கு ஆகும் செலவு முழுதும் தம்முடையது என்றார். பொழுது விடிவதற்குள் எந்தப் பாறை என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

அன்று மாலை மதுரைத் தொடர்வண்டியில் எம் நண்பர் ஒருவர் வந்திறங்கியிருந்தார். அவினாசிப் பக்கத்துத் தமிழாசிரியர். எம்மினும் பதினைந்து ஆண்டு மூத்தவர். ஆயினும் எம்மை ஐயா என்றே அழைப்பார். பந்தலின் கடைசியில் தூணோரம் அமர்ந்து முழுதும் கேட்டார். இரவு உணவின்போது பேச்சைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. எம் இல்லத்தார், "அண்ணா, பேச்சு எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, "ரசம் நன்றாக இருக்குதுங்க அம்மா" என்று மட்டும் சொன்னார். எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் குடும்பத்தோடு மலைக்குச் செல்வதாக முன்னமே ஏற்பாடு. எம் தம்பியின் மக்கள், எம் மக்கள், எம் தாயார், நண்பர் எல்லோரும் ஒரு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு புறப்பட்டோம். விடியுமுன்பே ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாகப் போய் முடிந்திருந்தன. இலவ மரங்களும் மாந்தோப்புகளும் கீழே தங்கிவிட, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டை அடைந்தபோது மஞ்சு மூடியிருந்தது. அறிந்தவர் தோட்டம் ஒன்று மேட்டுக்கு அப்பால் இருந்தது. அங்கே பெருமரங்களின் நிழலில் புளியோதரையும் தயிர்ச்சோறும் மாவடுவும் பிரிக்கப்பட்டன.

அப்போதுதான் நண்பர் வாய் திறந்தார். "ஏனுங்க ஐயா, கொடுங்கோளூரில் சேரர் நம்பிகளுக்குச் செய்த விருந்தைச் சேக்கிழார் சொல்கிறாரே, நினைவிருக்கிறதா?" நினைவிருந்தது. ஆடலும் பாடலும், செண்டாட்டமும், சிறுசோறும், நீர் விளையாட்டும், யானைப் போரும், மற்போரும் காட்டித் தோழரை மகிழ்வித்தார் சேரர் என்று சேக்கிழார் அடுக்குகிறார். சிறுசோறு என்பதற்குக் கலந்த சோறு என்று எம் ஆசிரியர் பொருள் சொல்லித் தந்தார். "இதுவும் சிறுசோறுதான்" என்று நண்பர் இலையைக் காட்டினார். குழந்தைகள் சிரித்தனர். "அத்தனை சுகத்திலும் ஆரூர்ப் பெருமானை மறந்திருக்க முடியுமோ என்று பாடிக்கொண்டு நம்பிகள் கிளம்பிவிட்டார். சேரர் அழுதுகொண்டே பொன்னும் மணியும் ஆள்களிடம் சுமத்தி அனுப்பினார். அந்தப் பொருளை வேடர் எங்கே பறித்தார்கள்?"

"முருகன்பூண்டியில்" என்றோம். சொல்லி முடிக்கும்போதே எமக்கு உடல் வியர்த்தது.

"அது எங்கள் ஊருக்குப் பக்கமுங்க. திரும்பிய வழி கொங்கு நாடு. சரி, போன வழி எது?"

யாம் பேசாதிருந்தோம். அவரே தொடர்ந்தார். பாண்டி நாட்டு வழிபாடு முடிந்து தோழர் இருவரும் முதலில் திருவாரூருக்கே மீண்டனர். சில காலம் கழித்துச் சேரர் தம் நாட்டுக்கு எழுந்தருள வேண்டினார். இருவரும் ஆரூரினின்று புறப்பட்டுத் திருக்கண்டியூர் வந்தனர். எதிர்க்கரையில் திருவையாறு தோன்றியது. காவிரியில் வெள்ளம் இரு கரையும் புரண்டது. நம்பிகள் பதிகம் பாட, வெள்ளம் விலகி மணல்வழி தோன்றியது. திருவையாறு வணங்கி, மேற்கே கொங்கு நாட்டைக் கடந்து மலைநாடு புகுந்தனர். மதுரையிலிருந்து இந்த மலைக்கு அவர்கள் வரவே இல்லை. "நேற்று நீங்கள் காவிரியை வற்றச் செய்துவிட்டீர்கள், ஐயா" என்றார். அதற்குமேல் அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவ்வேளையில் குழந்தைகள் ஏலச்செடிகளிடையே ஓடி, காய் எங்கே எங்கே என்று ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த தண்டுகளின் நுனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர். தோட்டத்து அம்மையார் ஒருவர் குனிந்து, தூரடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்த சரத்தை விலக்கிக் காயைக் காட்டினார். நண்பர் அதைப் பார்த்துவிட்டு எம்மிடம் திரும்பினார். "பதிகத்துக்கும் வரலாறு அடியிலேதானுங்க. கடைசிப் பாட்டைப் பாருங்கள். திருப்பரங்குன்றப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் என்ன இருக்கிறது?" என்றார். அதில் நம்பியாரூரர் தம் பெயரைச் சொல்லி, மூவேந்தர் முன்னிலையில் தாம் பாடியது என்பதையும், ஆறும் நான்கும் ஒன்றுமாகப் பாட்டு இத்தனை என்பதையும் தாமே குறித்துவைத்தார். அன்று அம்மலையில் வழி பிழைத்துவிட்ட எமக்கு, மதுரைக்கு அருகிலேயே அசையாத சான்று ஒன்று கிடைத்தது. இருபதாண்டு அப்பதிகத்தை ஓதியிருந்தும் அதனை வரலாறாக யாம் பார்த்ததில்லை.

பதிக வரலாறு என்பதை நாம் பலவகைச் சான்றுகளால் அறிகிறோம். அவை யாவும் ஒரு தரத்தன அல்ல. பதிகமே தன் வாயால் சொல்வது ஒன்று. மேற்சொன்னது அதற்கு எடுத்துக்காட்டு. ஏழாந்திருமுறையின் நிறைவாகிய நூறாம் பதிகமும் அத்தகையது. திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானை மேல் கயிலை செல்லும்போது பாடிய அதில், தமக்கு யானை அருளப்பட்டதை நம்பிகளே சொல்கிறார். பாட்டை அஞ்சையப்பரிடம் சேர்க்கும்படி கடலரசனிடமே ஒப்படைக்கிறார். திருத்தொண்டத்தொகையில் கழறிற்றறிவார் பெயரும் அவர் வாக்கிலேயே இருக்கிறது.

அடுத்துக் கல்லும் சுவரும் சொல்வது. தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவித்தான். அதன் கருவறையைச் சூழ்ந்த உள்நடையில் நம்பியாரூரர் யானைமேலும் சேரமான் குதிரைமேலும் கயிலை செல்லும் காட்சி வண்ண ஓவியமாக உள்ளது. பிற்கால நாயக்கர் ஓவியத்தின் கீழ் மறைந்து கிடந்த அதனை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு வெளிப்படுத்தினார். சேக்கிழார்க்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட ஓவியம் அது. ஆகவே சேக்கிழார் தாமே புனைந்தார் என்று சொல்வார் வாய் அங்கே அடைபடுகிறது.

அதன்பின் சேக்கிழார் வாக்கு. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முருகன்பூண்டிப் பதிகத்தை எடுத்து ஓதுங்கள். வழிப்போவாரை வேடர் அடித்துப் பறிக்கும் கொடிய இவ்விடத்தில் எம்பெருமானே நீர் ஏன் இருக்கிறீர் என்று கேட்பதாகவே அது செல்லும். சேரர் பெயர் அதில் இல்லை. என் பொருளைத் திருப்பித் தாரும் என்ற விண்ணப்பமும் இல்லை. சிவபூதங்கள் வேடராக வந்தன என்பதும், பறித்த பொருளைக் கோயில் வாயிலில் குவித்தன என்பதும் சேக்கிழார் தந்தவை. தோழர்க்குச் சேரன் கொடுத்ததைக்கூடத் தாமே கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று இறைவன் விரும்பினான் என்பது அவ்வரலாற்றின் நயம். பதிகம் சொல்வதையும் புராணம் சொல்வதையும் தனித்தனியே அறிந்து, பிறகு சேர்த்து அனுபவிப்பவர்க்குச் சுவை இருமடங்கு. பிரித்தறிந்தால் பக்தி குறையும் என்று அஞ்சுவோர் சிலர் உளர். எமக்கு அவ்வாறு நேரவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊர்ப்பேச்சு. யாம் 1994இல் சொன்னது அதற்கும் கீழ். ஏனெனில் அது ஊரிலும் இல்லாத பேச்சு. ஒரு நாள் கல்வெட்டுக் கிடைக்கலாகாதா என்று எம் தம்பி அன்று மலையில் கேட்டான். கிடைக்கலாம். ஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாமல் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்தே கிடைத்தது. ஆனால் கிடைத்த பிறகுதான் அதனைப் பதிகத்தில் சேர்த்தார்கள். கிடைக்குமுன் யாரும் பாடிவைக்கவில்லை.

மலையினின்று இறங்கும் வழியெல்லாம் யாம் பேசவில்லை. போடிப் பேருந்து நிலையத்தருகே ஜீப் நின்றபோது எதிரே ஒரு பேருந்தின் முகப்பில் 'தேவாரம்' என்று எழுதியிருந்தது. நண்பர் தம்மை மறந்து கைகூப்பிவிட்டார். நமக்குத் தென்மேற்கே உள்ள தேவாரம் என்னும் ஊருக்குச் செல்லும் வண்டி அது என்று பிள்ளைகள் சொன்னதும் அவரே சிரித்து, "பார்த்தீங்களா, பெயரைக் கண்டதும் எனக்கே கை தூக்கிவிட்டது" என்றார். அந்தச் சொல் எமக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று இரவு விழாவின் இரண்டாம் நாள். மேடையேறி, முதல் நாள் சொன்ன மலைவழி எம் கற்பனை என்றும், சேக்கிழார் சொன்ன வழி இன்னது என்றும் கூறி மன்னிப்பு வேண்டினோம். பந்தல் அமைதியாகிவிட்டது. முதியவர் ஒருவர் எழுந்து, ஊருக்கு வந்த பெருமையை நீரே தந்து நீரே பறித்துக்கொண்டீரே என்று கடிந்துவிட்டு வெளியேறினார். அவர் வருத்தம் நியாயமானது. அடுத்த நான்காண்டு அவர் எம் பேச்சுக்கு வரவில்லை. ஐந்தாம் ஆண்டு வந்தார், முன்வரிசையில் அமர்ந்தார், பழைய பேச்சை எடுக்கவில்லை.

வணிகரோ கூட்டம் கலைந்தபின் வந்து, கல்லுக்கென்று எடுத்துவைத்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். சாமிக்கு என்று சொன்ன பணத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக அவர்க்கு மனமில்லை. நண்பர்தாம் வழி சொன்னார். மூவேந்தர் முன்னிலையில் பாடிய இடம் 90 கிலோமீட்டர்த் தொலைவில் இருக்கிறது; ஒரு பேருந்து பிடித்துக் குடும்பங்களை அழைத்துப் போங்கள் என்றார். அந்த ஆண்டு ஆவணியில் ஐம்பது பேர், கைக்குழந்தைகள் வேறு, கட்டுச்சோற்றுடன் திருப்பரங்குன்றம் சென்றோம். குன்றைக் குடைந்த அக்கோயிலில் கி.பி. 773ஆம் ஆண்டினதாகிய பாண்டியர் கல்வெட்டு உண்டு. அங்கே நின்று பதிகத்தைப் பதினொரு பாட்டும் ஓதினோம். கடைசிப் பாட்டு வந்தபோது வணிகர் எம்மைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அதன்பின் அநேகமாக ஆண்டுதோறும் அப்பயணம் நடக்கிறது. வணிகர் இன்று இல்லை. அவர் மக்கள் நடத்துகின்றனர். நண்பரும் ஆடிச் சுவாதிக்குத் தவறாமல் வருவார். 1928இல் தொடங்கிய மதுரை - போடி இருப்புப்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டபோது, பேருந்தில் இடுப்பு நோக வந்தார். 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் வண்டி வந்த அவ்வாண்டு, நிலையத்தில் இறங்கியவுடன் நடைமேடையைத் தொட்டுப் பார்த்தார். இப்போது காது சற்று மந்தம். கழறுவதெல்லாம் அறிந்தவர் குருபூசைக்கு நான் கழறுவது கேளாமல் வருகிறேன் என்று தம்மைத் தாமே எள்ளிக்கொள்வார்.

சென்ற ஆண்டுப் பயணத்தில் அவரும் உடன் வந்தார். எம் பேத்தி அவர் பக்கத்து இருக்கை. மூவேந்தர் என்றால் யார் யார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவள், மதுரை என்பதால் பாண்டியர், தோழர் என்பதால் சேரர், சோழர் ஏன் அங்கே வந்தார் என்று அவர் காதோரம் உரக்கக் கேட்டாள்.

"அவர் மாமனார் வீட்டுக்கு விருந்து வந்திருந்தாருங்க கண்ணு" என்றார்.

பேருந்து முழுதும் சிரித்தது. உசிலம்பட்டியில் தேநீருக்காக வண்டி நின்றது.